கற்பனை நாடுகளின் குற்றவியல் சட்டம்: சொல்லும் உரையும்

உலகில் இல்லாத நாடொன்றைப் படைத்து, அதற்கு நகரும் அரசும் வழக்காறும் வகுத்துக் காட்டும் நூல்கள் மேலை இலக்கியத்தில் பல உள. அவற்றுள் சில, அந்நாட்டு மக்களுக்குத் தனி மொழி ஒன்றையும் படைத்துத் தருகின்றன. இத்தகைய நூல்களை அரசியற் சிந்தனை என்ற நோக்கிலோ அங்கதம் என்ற நோக்கிலோ பயில்வது வழக்கம். அந்நாடுகளில் எது குற்றம், அதற்குரிய தண்டனை யாது, அதனை முடிவு செய்பவர் யார் என்னும் வினாக்களை முன்வைத்துப் பயில்வோமாயின் வேறொரு செய்தி நமக்குப் புலப்படுகின்றது. நாடு படைத்தவர்கள் அனைவரும் சட்டத்தின் சொற்களைக் குறைக்கவே விரும்பியுள்ளனர். சொல் குறைந்த சட்டத்திற்குப் பொருள் சொல்லும் உரிமை யாரிடம் சென்று சேர்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பொருளாகும். தாமஸ் மோரின் 'உட்டோப்பியா' (1516), ஜொனாதன் ஸ்விஃப்டின் 'கல்லிவரின் பயணங்கள்' (1726), ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (1949) ஆகிய மூன்று நூல்களை மட்டும் இதற்கு எடுத்துக்கொள்கின்றோம்.

வழக்கறிஞர் இல்லாத தீவு

தாமஸ் மோர் சட்டம் பயின்றவர். இலத்தீன் மொழியில் எழுதிய தம் நூல் லூவென் நகரில் அச்சேறிய காலத்தில் அவர் இலண்டன் மாநகரின் துணை ஷெரீப்பாகப் பணியாற்றி வந்தார். நூலின் முன்பகுதியில் உட்டோப்பிய மொழியின் நெடுங்கணக்கும், அம்மொழியில் அமைந்த நான்கடிச் செய்யுள் ஒன்றும், அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பும் இடம்பெற்றுள்ளன. இவற்றை அமைத்தவர் மோரின் நண்பரான ஆண்ட்வெர்ப் நகரத்துப் பீட்டர் கில்ஸ் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அந்நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள் 22. தீவிலுள்ள 54 நகரங்களுக்கும் மொழி ஒன்று, சட்டமும் ஒன்று. பெரும்பாலும் பாரசீகத்தை ஒத்த அம்மொழியில், நகரப் பெயர்களிலும் பதவிப் பெயர்களிலும் கிரேக்கத்தின் சாயல் எஞ்சியிருப்பதாக, கதை சொல்லும் பயணியான ஹித்லொடே கூறுகின்றார்.

தீவைப் பற்றிப் பேசும் முன்னர், நூலின் முதற்பகுதி இங்கிலாந்தின் குற்றவியல் சட்டத்தைப் பற்றி நீண்ட விவாதம் ஒன்றை நிகழ்த்துகின்றது. கார்டினல் மோர்ட்டனின் விருந்து மேசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் ஒருவர், ஒரே தூக்குமரத்தில் சில வேளைகளில் இருபது திருடர்கள் தொங்குவதைப் பெருமையுடன் எடுத்துரைக்கின்றார். அப்படியிருந்தும் நாடெங்கும் திருடர்கள் மலிந்திருப்பது ஏன் என்று வியக்கவும் செய்கின்றார். ஹித்லொடே அளிக்கும் மறுமொழி இன்றைய குற்றவியல் மாணவருக்கும் பாடமாகத் தக்கது. போரிலிருந்து ஊனமுற்றுத் திரும்பியவர்களும், பிரபுக்களின் வீடுகளிலிருந்து விரட்டப்பட்ட ஏவலர்களும், ஆட்டு மந்தைக்காக நிலம் வளைக்கப்பட்டதால் குடிபெயர்ந்த உழவர்களும் திருடுவதைத் தவிர வேறு வழியற்றவர்கள் என்கின்றார் அவர். திருட்டுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், திருடியவன் சாட்சியைக் கொன்றுவிடவே முனைவான். கொல்வதால் அவனுக்குக் கூடுதல் தண்டனை இல்லை, அகப்படாமல் தப்பும் வாய்ப்போ கூடுகின்றது.

மாற்றாக அவர் காட்டுவது பாரசீகத்தை அடுத்து வாழ்வதாகக் கூறப்படும் பொலிலெரைட்டர் என்னும் மற்றொரு கற்பனை மக்களின் சட்டம். அங்கே திருடியவன் பொருளை அரசனிடமன்றிப் பறிகொடுத்தவனிடமே திருப்பித் தரவேண்டும். பின்னர் அவன் பொதுப் பணிகளில் உழைக்கின்றான். ஒரே நிற உடை உடுத்துகின்றான். காதின் நுனி சிறிது அறுக்கப்படுகின்றது. நன்னடத்தையால் விடுதலை பெறும் வாய்ப்பும் உண்டு. பறிகொடுத்தவனுக்கு இழப்பீடு என்னும் கருத்து இவ்வளவு தெளிவாக 1516-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருப்பது நம் கவனத்திற்குரியது.

இனித் தீவின் சட்டத்திற்கு வருவோம். உட்டோப்பியர்களின் சட்டங்கள் மிகச் சில. படித்து முடிக்க இயலாத அளவுக்குப் பலவாகவும், புரிந்துகொள்ள இயலாத அளவுக்கு இருண்மையாகவும் உள்ள சட்டங்களால் மக்களைக் கட்டுவது அநீதி என்பது அவர்களின் கொள்கை. வழக்கறிஞர் என்ற தொழிலே அங்கு இல்லை. வழக்காடுபவன், வழக்கறிஞரிடம் சொல்லக்கூடியதை நேரே நீதிபதியிடம் சொல்கின்றான். சட்டத்திற்கு எது மிக வெளிப்படையான பொருளோ அதுவே நேர்மையான பொருள் என்று கொள்ளப்படுவதால், குடிமக்கள் அனைவரும் சட்டம் அறிந்தவர்களாக உள்ளனர்.

இதுவரை படிக்கும் வாசகர் மகிழ்வது இயல்பே. ஆயினும் அடுத்து வரும் விதிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கொடிய குற்றங்களுக்குப் பொதுவான தண்டனை அடிமை வாழ்வு. கொல்வதைவிட உழைக்க வைப்பது நாட்டுக்குப் பயன் என்பதும், கண்முன் நடமாடும் அடிமை நீண்ட நாள் எச்சரிக்கையாக விளங்குவான் என்பதும் அதற்குக் கூறப்படும் காரணங்கள். பிறன்மனை விழைந்தோர்க்கு மிகக் கடுமையான அடிமைத்தனம். மறுமுறை செய்தால் மரணம். இசைவுச் சீட்டு இன்றி வெளியூர் செல்பவன் ஓடிப்போனவனாகக் கருதப்படுகின்றான். இரண்டாம் முறை அடிமையாக்கப்படுகின்றான். பொதுக் காரியங்களைப் பேரவைக்கோ மக்கள் மன்றத்திற்கோ வெளியே கலந்து பேசுவது மரண தண்டனைக்குரிய குற்றம். ஏனைய குற்றங்களுக்குச் சட்டம் தண்டனை எதனையும் வரையறுக்கவில்லை. குற்றத்தின் தன்மைக்கேற்பப் பேரவையே ஒவ்வொரு முறையும் முடிவு செய்கின்றது.

இந்த இறுதி விதியே உட்டோப்பியச் சட்டத்தின் திறவுகோல் என்பது எம் கருத்து. சட்டங்கள் சிலவாக இருப்பதற்குக் காரணம், குற்றங்கள் சிலவாக இருப்பதன்று. சட்டம் சொல்லாது விட்ட இடத்தையெல்லாம் பேரவையின் விருப்பம் நிரப்புகின்றது. குடிமகன் தான் அறிந்த சில விதிகளை மனப்பாடமாகச் சொல்லலாம். தன் செயலுக்கு என்ன நேரும் என்பதை மட்டும் அவனால் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தீவில் சொற்கள் மட்டுமின்றிப் பொருள்களும் தண்டனையின் மொழியைப் பேசுகின்றன. குற்றவாளிகளுக்குக் காதிலும் விரலிலும் கழுத்திலும் பொன் பூட்டப்படுகின்றது. தலையிலும் பொன் வளையம் சூட்டப்படுகின்றது. அங்கே பொன் என்றால் இழிவு. பொன்னணிந்து வந்த அயல்நாட்டுத் தூதர்களை அடிமைகள் என்றெண்ணிப் புறக்கணித்து, எளிய உடையிலிருந்த அவர்களின் பணியாட்களுக்கு மக்கள் வணக்கம் செலுத்தும் காட்சி நூலின் நகைச்சுவைப் பகுதிகளுள் சிறந்தது.

ஒரு சொல்லின் மேல் நின்ற உயிர்

உட்டோப்பியா வெளிவந்து 19 ஆண்டுகள் கழித்து மோரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். 1534-ஆம் ஆண்டின் அரசத் துரோகச் சட்டம், மன்னரின் பட்டங்களைச் சொல்லால் மறுப்பதையும் துரோகமாக்கியது. ஆனால் அம்மறுப்பு 'தீய நோக்குடன்' செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்ற சொல் அச்சட்டத்தில் இருந்தது. திருச்சபைக்கு மன்னர் எட்டாம் ஹென்றியே தலைவர் என்பது பற்றி மோர் தம் கருத்தை வெளியிடாது மௌனம் காத்தார். சிறையில் தம்மிடம் அவர் மறுத்துப் பேசியதாக ரிச்சர்ட் ரிச் என்பவர் சாட்சியம் அளித்தார். அவ்வாறு பேசவில்லை என்றும், பேசியிருந்தாலும் அது தீய நோக்குடன் கூறப்பட்டதாகாது என்றும் மோர் வாதிட்டார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. 1535-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது.

சட்டச் சொல்லுக்கு நுணுக்கப் பொருள் காண்போர் வேண்டாம் என்று கூறும் தீவைப் படைத்தவர், தம் இறுதி வழக்கில் சட்டத்தின் ஒரே சொல்லுக்குரிய நுணுக்கப் பொருளையே அரணாகக் கொண்டார். இதனை முரண் என்று மட்டும் கூறி விலகுதல் பொருந்தாது. தீவைப் புகழ்பவர் ஹித்லொடேயே. உரையாடலின் முடிவில் தமக்குச் சில உடன்பாடில்லை என்று மோர் என்னும் பாத்திரம் கூறுவதையும் நாம் மறத்தலாகாது.

திருட்டும் ஏமாற்றும்

ஸ்விஃப்டின் லில்லிபுட் நாட்டில் ஏமாற்று, திருட்டைவிடப் பெருங்குற்றம்; பெரும்பாலும் மரண தண்டனைக்குரியது. விழிப்பாக இருப்பவன் தன் பொருளைத் திருடனிடமிருந்து காத்துக்கொள்ளலாம். நம்புகின்றவனுக்கோ வஞ்சகனிடமிருந்து காப்பில்லை என்பது அந்நாட்டவர் கூறும் காரணம். தலைவனுக்காகப் பெற்ற பெருந்தொகையுடன் ஓடிப்போன ஒருவனுக்காகக் கல்லிவர் அரசனிடம் பரிந்து பேசுகின்றார். அது நம்பிக்கைத் துரோகம் மட்டுமே என்று அவர் கூற, குற்றத்தை மிகுவிக்கும் காரணத்தையே மன்னிக்கும் காரணமாகக் காட்டுகின்றாரே என்று அரசன் திகைக்கின்றான்.

இப்பகுதி வெறும் வேடிக்கையன்று. கல்லிவர் பேசுவது அக்காலத்து ஆங்கிலச் சட்டம். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாக எடுத்தவனைத் தூக்கிலிடுவதற்கு 1699-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தது. முதலாளிக்கென்று பிறர் கொடுத்த பணத்தைப் பெற்றுத் தனதாக்கிக்கொண்ட பணியாளனின் செயலோ திருட்டு என்ற வரையறைக்குள் அடங்கவில்லை. பணம் முதலாளியின் கைக்கு வருமுன்னரே பணியாளன் அதனைக் கொண்டுவிட்டதால், முதலாளியிடமிருந்து அவன் எதனையும் 'எடுத்ததாக' ஆகாது என்பது நீதிமன்றங்களின் கணக்கு. வங்கிப் பணியாளர் ஒருவர் இவ்வாறு தப்பிய பின்னரே 1799-ஆம் ஆண்டு அதற்கென்று தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 'எடுத்தல்' என்ற ஒரு சொல்லின் எல்லை ஒருவனைத் தூக்கிலேற்றி மற்றொருவனை வீட்டுக்கு அனுப்பியது.

இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பில் (1860) திருட்டுக்கு மேல்வரம்பு 3 ஆண்டுச் சிறையாகவும், ஏமாற்றிப் பொருளைப் பெறுவதற்கு 7 ஆண்டாகவும் அமைந்தது லில்லிபுட்டினரின் வரிசைமுறையை ஒத்திருப்பது தற்செயலாகலாம். பின்னதற்குரிய 420-ஆம் பிரிவின் எண், ஏமாற்றுக்காரனுக்குப் பெயராகித் தமிழ்ப் பேச்சு வழக்கிலும் புகுந்துவிட்டது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அக்குற்றம் 318-ஆம் பிரிவுக்கு மாறிவிட்டது. மக்கள் நாவில் எண் மாறியதாகத் தெரியவில்லை.

லில்லிபுட்டின் நீதித் தேவதைக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு, பக்கத்திற்கு ஒன்று என ஆறு கண்கள். வலக்கையில் திறந்த பொற்பை, இடக்கையில் உறையிலிட்ட வாள். தண்டிப்பதைவிடப் பரிசளிப்பதே அவளுக்கு விருப்பம். 73 திங்கள் சட்டத்தைப் பிழையின்றிப் பின்பற்றியதை மெய்ப்பிப்பவனுக்கு அங்கே சலுகையும் பட்டமும் கிடைக்கின்றன. இவையனைத்தும் முதற்பாகத்தின் ஆறாம் இயலில் கூறப்படுகின்றன. ஏழாம் இயலிலோ, அரண்மனையில் பற்றிய தீயைச் சிறுநீரால் அணைத்த குற்றம் உள்ளிட்ட பலவற்றின் பேரில், கல்லிவரின் கண்களைப் பறிக்க ஆணை பிறக்கின்றது. அரசனின் கருணையைப் புகழும் அறிக்கை வெளிவந்தாலே மக்கள் அஞ்சி நடுங்குவர் என்று ஸ்விஃப்ட் எழுதுகின்றார். இரண்டு இயல்களையும் அடுத்தடுத்து வைத்ததே அவருடைய தீர்ப்பு எனலாம்.

உரை எழுதினால் மரணம்

பேருருவ மாந்தர் வாழும் ப்ரொப்டிங்நாக் நாட்டில், எந்தச் சட்டமும் அந்நாட்டு நெடுங்கணக்கின் எழுத்து எண்ணிக்கைக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டிருத்தல் ஆகாது. எழுத்துகள் 22, எனவே சொற்களும் 22. உட்டோப்பிய நெடுங்கணக்கிற்கும் அதே எண் வாய்த்திருப்பதை முன்னர்க் கண்டோம். பெரும்பாலான சட்டங்கள் அந்த எல்லையைக்கூட எட்டுவதில்லை. மிக எளிய சொற்களில் அமைந்த அவற்றிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் காணும் கூர்மை மக்களிடம் இல்லை. சட்டம் எதற்கேனும் உரை எழுதுவது மரண தண்டனைக்குரிய குற்றம்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் சற்று நிற்பார். ஒரு குறட்பாவில் உள்ளவை ஏழு சீர்கள்; ப்ரொப்டிங்நாக்கின் எல்லையில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு சுருங்கிய நூலுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்று மரபு எண்ணிக்கை சொல்கின்றது. தொல்காப்பிய நூற்பாக்களுக்கு இளம்பூரணர் ஒருவாறும் சேனாவரையர் ஒருவாறும் பொருள் கொண்டுள்ளனர். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் அந்நாட்டில் பிறந்திருப்பின் முதல் ஏட்டிலேயே கழுத்தை இழந்திருப்பர். சுருக்கம் பொருளை ஒருமுகப்படுத்தும் என்று அந்நாட்டவர் நம்புகின்றனர். சூத்திரமும் உரையும் சேர்ந்தே நூலாகும் மரபில் வந்த நாமோ, சுருக்கமே உரையை வேண்டி நிற்பது என்பதை அனுபவத்தால் அறிவோம். உரையைத் தடை செய்வதால் பல பொருள் மறைவதில்லை. பொருள் கொள்பவர் பலராக இருந்த நிலை மாறி, நீதிபதி ஒருவராகின்றார்; அவர் என்ன பொருள் கொண்டார் என்று எழுதிக் காட்டவும் ஆளில்லை.

எளிய சட்டம் என்னும் இக்கனவு கற்பனை நாடுகளோடு நின்றுவிடவில்லை. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வரைந்தளித்த தண்டனைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு குற்றத்தையும் வரையறுத்து அதன் கீழே எடுத்துக்காட்டுகளையும் தந்தது. அத்தொகுப்பு 1860-இல் சட்டமாகி, அதன் வழியில் 1871-ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தண்டனைச் சட்டங்கள் அம்மரபில் வந்தவையே. அதன் திருட்டுப் பிரிவில் வரும் எடுத்துக்காட்டொன்றில், ஒருவன் தன் சட்டைப்பையில் நாய்க்கு விருப்பமான தீனியை வைத்துக்கொண்டு பிறன் நாயைத் தன் பின்னால் வரச் செய்கின்றான். வஞ்சகமாகக் கவரும் எண்ணம் இருந்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய கணமே திருட்டு நிகழ்ந்துவிடுகின்றது. நூற்பாவும் அதற்கு நூலாசிரியரே தந்த காட்டும் போன்ற அமைப்பு இது. உரையை ஒழிக்க விரும்பாது, முதல் உரையைச் சட்டத்தின் உள்ளேயே வைத்த நாடுகளில் நாம் வாழ்கின்றோம். அதன் பின்னரும் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒன்றரை நூற்றாண்டாக அப்பிரிவுகளுக்குப் பொருள் கூறி வருகின்றன.

தண்டனை என்ற சொல் இல்லாத தண்டனை

நான்காம் பாகத்தில் வரும், பகுத்தறிவு படைத்த குதிரைகளான ஹூயின்ஹ்னம்களின் மொழியில் பொய் என்பதற்குச் சொல் இல்லை. 'இல்லாத பொருளைச் சொல்லுதல்' என்று சுற்றி வளைத்தே கூற வேண்டும். ஆட்சி, போர், சட்டம், தண்டனை ஆகியவற்றிற்கும் சொல் இல்லை. இங்கிலாந்தின் நீதிமன்றங்களைத் தம் குதிரைத் தலைவருக்கு விளக்கக் கல்லிவர் படும் பாடு, மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துவோர்க்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தமிழில் நூலுக்குரிய பத்துக் குற்றம் என்று நன்னூல் கூறும் குற்றமும் நீதிமன்றக் குற்றமும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதை நினைப்போர்க்கு, சொல்லெல்லை மொழிதோறும் வேறுபடுவது புதிதன்று.

தண்டனைக்குச் சொல் இல்லாத அந்நாட்டில் தண்டனை இருக்கின்றது. யாஹூக்களைப் பூண்டோடு அழிப்பதா என்று அவர்களின் பேரவை விவாதிக்கின்றது. கல்லிவரும் யாஹூவே என்று கருதி, அவரை ஏனைய யாஹூக்களைப் போல வேலை வாங்கவோ வந்த வழியே நீந்திச் செல்லுமாறு கட்டளையிடவோ வேண்டும் என்று அவருடைய தலைவரிடம் பேரவை கூறுகின்றது. அது ஆணையன்று, அறிவுறுத்தல் மட்டுமே. அறிவுடைய உயிரை எவரும் வற்புறுத்த இயலாது, அறிவுரை கூறவே இயலும் என்பது அவர்களின் கோட்பாடு. அவ்வறிவுரையை மீறுவது மட்டும் எவராலும் இயலாது. கல்லிவர் நாடு கடத்தப்படுகின்றார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. அவற்றிற்குச் சொற்களும் இல்லை.

இதனை நுட்பமாகக் கண்டவர் ஜார்ஜ் ஆர்வெல். ஸ்விஃப்டைப் பற்றி 1946-இல் எழுதிய கட்டுரையில், சட்டமே இல்லாத சமுதாயத்தில் ஒருவனுடைய நடத்தைக்கு நடுவராக அமைவது பொதுமக்கள் கருத்து ஒன்றே என்றும், அது எந்தச் சட்டத்தைவிடவும் சகிப்புத்தன்மை குறைந்தது என்றும் அவர் வாதிட்டார். மூன்று ஆண்டுகளில் அவருடைய நாவல் வெளிவந்தது.

ஒரே சொல்லில் குற்றவியல்

'1984' காட்டும் ஓசியானியாவில் சட்டங்களே இல்லை. ஆதலால் எதுவும் சட்டவிரோதமன்று. நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் வின்ஸ்டன் இதனை நன்கறிவார். அகப்பட்டால் மரணமோ குறைந்தது 25 ஆண்டு உழைப்பு முகாமோ கிடைக்கும் என்பதையும் அறிவார். உட்டோப்பியாவில் சிலவாக இருந்த சட்டம் இங்கே எதுவுமில்லை என்றாகி, பேரவையின் விருப்பம் மட்டும் எஞ்சியுள்ளது.

நியூஸ்பீக் எனப்படும் அந்நாட்டின் புதுமொழியைப் பற்றிய பின்னிணைப்பு, நாவலின் முடிவில் இலக்கண நூலின் நடையிலேயே எழுதப்பட்டுள்ளது. விடுதலை, சமத்துவம் ஆகியவற்றைச் சூழ்ந்த சொற்களனைத்தும் 'எண்ணக்குற்றம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒடுக்கப்படுகின்றன. பாலியல் ஒழுங்கீனங்கள் யாவும் 'பாற்குற்றம்' என்ற மற்றொரு சொல்லுக்குள் அடங்கும். அவற்றைத் தனித்தனியே பெயரிட வேண்டியதில்லை. அனைத்தும் சமமான குற்றம், அனைத்தும் கொள்கையளவில் மரணத்திற்குரியவை. ஹித்லொடே கார்டினலின் மேசையில் எதனை எதிர்த்துப் பேசினாரோ, அதாவது வேறுபட்ட குற்றங்களுக்கு ஒரே தண்டனை என்பது, இங்கே இலக்கண விதியாகிவிட்டது. ப்ரொப்டிங்நாக் அரசன் 22 சொற்களை அனுமதித்தான். ஓசியானியாவுக்கு ஒன்று போதுமானதாக உள்ளது.

'விடுதலை' என்ற சொல் புதுமொழியில் அழிக்கப்படவில்லை. நாய்க்கு உண்ணியிலிருந்து விடுதலை என்பது போன்ற தொடர்களில் அது வழங்கலாம். அரசியற் பொருளில் வழங்க இயலாது. குற்றத்தைச் செய்தவனுக்குத் தான் செய்தது குற்றமன்று என்று வாதிடுவதற்குரிய சொல்லே இல்லாமற் போவது இதன் விளைவு. 'தீய நோக்குடன்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு மோர் வாதிட்டுத் தோற்றார். ஆனால் பற்றிக்கொள்ள அவருக்கு ஒரு சொல் இருந்தது.

புதுமொழி முழுமையாக நடைமுறைக்கு வரும் ஆண்டாக 2050 குறிக்கப்பட்டிருந்தது என்று அப்பின்னிணைப்பு கூறுகின்றது. அவ்வளவு காலம் தாழ்த்தியதற்குக் காரணம் மொழிபெயர்ப்பு வேலை. பழைய எழுத்தாளர் சிலரின் நூல்களைப் புதுமொழிக்கு மாற்றிய பின்னர் மூலங்களை அழித்துவிடுவது திட்டம். ஷேக்ஸ்பியர், மில்டன், பைரன், டிக்கன்ஸ் ஆகியோருடன் ஸ்விஃப்டின் பெயரும் அப்பட்டியலில் உள்ளது. சட்டம், தண்டனை என்ற சொற்கள் இல்லாத குதிரைகளின் நாடு அம்மொழிபெயர்ப்பில் எவ்வாறு அமைந்தது என்பதை ஆர்வெல் எழுதவில்லை.